சாம்பலைப் படித்த சாணி வண்டு

மூணுபாறைக் குட்டையில் தண்ணீர் நிறைய இருந்தது. ஆனால் அதைக் குடித்தது ஒரே ஒரு யானைதான்.

அந்த யானையின் பேர் கருமலை. நல்ல உயரம், நீளக் கொம்பு. குட்டையின் நடுவில் காலை ஊன்றி நின்றுகொண்டு, யார் கிட்டே வந்தாலும் பிளிறியது. மான் வந்தால் மானைத் துரத்தியது. பன்றி வந்தால் பன்றியைத் துரத்தியது. தவளை கத்தினால்கூட துதிக்கையால் தண்ணீரை அடித்தது!

யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. ஏனென்றால் அந்தக் காட்டில் ஒரு சட்டம் இருந்தது. "கன்னம் ஒழுகினால் விலகு." அவ்வளவுதான் சட்டம். ஆண் யானைக்கு மதம் பிடித்தால் கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலிருந்து கறுப்பாக மதநீர் கசிந்து கன்னத்தில் வழியும். அப்போது அதற்குத் தலைகால் புரியாது. அதனால் எல்லோரும் விலகிப் போய்விடுவார்கள். நல்ல சட்டம்தான். பல பேர் உயிரைக் காப்பாற்றிய சட்டம்.

தினமும் விடிந்ததும் கரிச்சான் குருவி குட்டைக்கு மேலே ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்து கத்தும்.

"ஒழுகுது! ஒழுகுது! ரெண்டு கன்னமும் ஒழுகுது!"

உடனே எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போவார்கள்.

முதல் மூன்று வாரம் சமாளித்தார்கள். மதம் பிடித்த யானை ஓரிடத்தில் நிற்காது. கருமலையும் காடு முழுக்கச் சுற்றியது. அது போன நேரம் பார்த்து மற்றவர்கள் குடித்துக்கொண்டார்கள். ஆனால் கடைசி எட்டு நாளாக அது குட்டையை விட்டு நகரவே இல்லை. மற்றவர்கள் வறண்ட ஓடையில் மணலைத் தோண்டி, ஊறுகிற நாலு சொட்டை நக்கி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நேற்று அந்த ஊற்றும் நின்றுபோனது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கரையோரம் ஒரு சாணி வண்டு குடியிருந்தது. அதன் பேர் உருட்டி. புருஷன் பேர் தள்ளி. உருட்டி முன்னால் நின்று உருட்டும், தள்ளி பின்னால் நின்று தள்ளும். கருமலை கரையில் போடுகிற சாணியில் மூன்று நாளைக்கு ஒரு உருண்டை பிடித்து, பாறைக்கு அடியில் வளை தோண்டிப் புதைத்து வைப்பார்கள். கோடை முழுக்க அதுதான் சாப்பாடு.

உருட்டிக்கு வாய் கொஞ்சம் நீளம். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும். அதனால் அதற்கு நண்பர்கள் அதிகம் இல்லை. அதைப் பற்றி அது கவலைப்பட்டதும் இல்லை.

அன்று காலை சாணியில் கால் வைத்ததும் உருட்டி முகம் சுளித்தது.

"யோவ், இங்க வா. இதை மோந்து பாரு."

"சாணி நாத்தம் அடிக்குது," என்றது தள்ளி.

"பெரிய கண்டுபிடிப்பு! அது தெரியும்யா. எந்த நாத்தம்னு சொல்லு."

"எனக்கென்ன தெரியும்? நீ உருட்டு, நான் தள்றேன். வெயில் ஏறுது."

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். உடம்புக்குள்ளே வெறி நெருப்பு மாதிரி எரியும். பயமும் நெருப்பு மாதிரித்தான் எரியும். எந்த நெருப்பு எரிந்தாலும் சாம்பல் மிஞ்சும் இல்லையா? அந்தச் சாம்பல் குடல் வழியாக இறங்கி, சாணியோடு வெளியே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. மற்ற மிருகங்களின் மூக்குக்கும் தெரியாது. வெறியின் சாம்பல் பச்சை மிளகைக் கடித்த மாதிரி சுள்ளென்று இருக்கும். பயத்தின் சாம்பல் நனைந்த மரப்பட்டை மாதிரி புளித்த வாடை அடிக்கும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்கிற மூக்கு அந்தக் காட்டிலேயே உருட்டி ஒன்றுக்குத்தான் இருந்தது.

உருட்டி யோசித்துக்கொண்டிருக்கும்போதே தரை அதிர்ந்தது. அகலி வந்து நின்றது. அகலி ஒரு பெண் யானை. அதன் காலுக்கு நடுவில் ஒரு குட்டி சாய்ந்து நின்றது. குட்டியின் கண் பாதி மூடியிருந்தது.

"உருட்டியக்கா, ஒண்ணு கேக்கணும்."

"சீக்கிரம் கேளு. வேலை கெடக்கு."

"இந்தக் கருமலைக்கு மதம் எப்ப அடங்கும்? நீதானே தினமும் இவன் சாணியில கெடக்கறே. உனக்குத் தெரியாதா?"

"இத்தனை நாளா யாரும் என்னைக் கேக்கலையே! எல்லாரும் கன்னத்தைப் பார்த்துட்டு ஓடிடறீங்க."

"இப்ப நான் கேக்கறேன். எனக்குப் பால் வத்திடுச்சு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் தண்ணி குடிக்கலேன்னா குட்டி பிழைக்காது."

உருட்டி குட்டியைப் பார்த்தது. அதற்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அதனால் சொல்லவில்லை.

"இன்னிக்குச் சாணி ஒரு மாதிரி இருக்கு. இத்தனை நாளா உருட்டற அவசரத்துல நான் கவனிக்கல. ஆனா ஒரு நாள் சாணியை மோந்து பார்த்துட்டு எதையும் சொல்லக் கூடாது. யாருக்கும் ஒரு நாள் ஒரு மாதிரி இருக்கும். முதல்லேர்ந்து பார்க்கணும்."

"முதல்லேர்ந்து சாணிக்கு எங்க போறது?"

"எங்க வளைக்குள்ள இருக்கு. வரிசையாப் புதைச்சிருக்கேன்."

தள்ளி ஓடி வந்து வளை வாசலில் குறுக்கே நின்றது.

"அடியே! அது நம்ம கோடைச் சாப்பாடு! உடைச்சா இந்த வெயில்ல பொழுது சாயறதுக்குள்ள காஞ்சு பொடியாயிடும்! மிச்சத்தை எறும்பு கொண்டு போயிடும்!"

"தெரியும்."

"பத்து உருண்டைடி! ஒரு மாசம் தள்ளியிருக்கேன்! என் முதுகைப் பாரு!"

"உன் முதுகை அப்புறம் பார்க்கறேன். வழியை விடுய்யா."

தள்ளி முனகிக்கொண்டே வழி விட்டது. வேறு வழி? அதற்கும் குட்டியின் கண் தெரிந்ததுதானே.

உருட்டி ஒவ்வொரு உருண்டையாக வெளியே கொண்டு வந்தது. மேலே காய்ந்திருந்த பொருக்கை அது மோந்து பார்க்கவே இல்லை. வெயிலும் மண்ணும் பட்ட இடம் சரியாகச் சொல்லாது. நட்ட நடுவே பிளந்து, உள்ளே தலையை விட்டுப் பார்த்தது. வரிசை மாறாமல் பார்த்தது. ஒன்று முடிந்ததும் இலையில் தலையைத் துடைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போனது. அகலி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. பொறுமையில்லாத வண்டு என்று பேர் வாங்கிய உருட்டி, அந்த வேலையில் மட்டும் ஒரு நொடிகூட அவசரப்படவில்லை. எல்லோரும் அவசரப்படுத்தும்போது அவசரப்படாமல் இருக்க எவ்வளவு தெம்பு வேண்டும்! அது அந்தச் சின்ன உடம்பில் இருந்தது.

பத்தும் முடிந்தது. சுற்றிலும் சாணித் தூள். ஒரு மாதச் சாப்பாடு எறும்பு வரிசையில் போய்க்கொண்டிருந்தது.

"ஏழு உருண்டை வரைக்கும் வெறிச் சாம்பல்தான்," என்றது உருட்டி. "மூக்கே எரியுது. அதுல பயம் துளிகூட இல்ல. எட்டாவதுலேர்ந்து வெறிச் சாம்பல் இல்ல. கருமலைக்கு மதம் போய் எட்டு நாளாச்சு!"

பாறைக்கு மேலே உட்கார்ந்திருந்த கரிச்சான் இதைக் கேட்டது. அவ்வளவுதான்! விருட்டென்று பறந்துவிட்டது.

"ஏய், நில்லு! நான் இன்னும் முடிக்கல!" என்று கத்தியது உருட்டி.

கரிச்சான் எங்கே நின்றது? காடு முழுக்கக் கூவிக்கொண்டு போனது.

"மதம் இல்ல! மதம் இல்ல! எட்டு நாளா ஏமாத்தறான்!"

"மீதி என்னக்கா?" என்றது அகலி.

"மீதிதான் முக்கியம். எட்டு, ஒன்பது, பத்து, மூணுலயும் பயச் சாம்பல். நாளுக்கு நாள் கூடுது. மூணுலயும் புல்லே இல்ல. சேறும் மரப்பட்டையும்தான். அவன் நம்மைக் கண்டு நடுங்கிட்டு நிக்கறான்."

"அவனா? நடுங்கறானா?"

"கன்னம் என்ன வேணும்னாலும் சொல்லும். சாம்பல் அப்படிச் சொல்லாது."

அதற்குள் தூசி கிளம்பியது. காட்டுமாட்டுக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் பன்றிகள், அதற்கும் பின்னால் மான்கள். முன்னால் வந்தது திமிலன். காட்டுமாடுகளுக்கு அதுதான் தலைவன். போன மாதம் கருமலை மதத்தில் முட்டியதில் திமிலனின் இடது கொம்பு நுனி உடைந்து போயிருந்தது.

"எட்டு நாள்! என் கூட்டம் மணலை நக்கிட்டுக் கெடந்துச்சு!" என்று கொதித்தது திமிலன். "மதமும் இல்ல, மண்ணும் இல்ல! வாங்கடா, எல்லாரும் ஒண்ணாப் பாய்ஞ்சு குடலை உருவுவோம்!"

உருட்டி சிறகை விரித்தது. சாணி வண்டு பறப்பது பார்க்க அழகாக இருக்காது. கல்லுக்குச் சிறகு முளைத்த மாதிரி இருக்கும். நேராகப் போய் திமிலனின் மூக்கில் 'டப்'பென்று மோதி ஒட்டிக்கொண்டது.

"ஏய் தடியா, நில்லு!"

"யாரு? சாணி பொறுக்கியா? இறங்குடி மூக்கை விட்டு!"

"ஆமா, சாணிதான் பொறுக்கறேன். அதனாலதான் உனக்குத் தெரியாதது எனக்குத் தெரியுது."

"மதம் இல்லேன்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். அது பாதி. மீதியையும் கேட்டுட்டுச் சாவு! அவன் பயத்துல நிக்கறான். பயத்துல நிக்கறவனை எல்லாரும் சேர்ந்து நெருக்கினா என்ன பண்ணுவான்? வழி இருந்தா ஓடுவான். குட்டைக்குப் பின்னாடி என்ன இருக்கு? மூணு பாறை. ஓட வழியே இல்ல. குத்துவான். முதல் குத்து உனக்கு. அப்புறம் உன் பின்னாடி வர்ற கன்னுக்கு. மதம் பிடிச்சவனாவது வேற பக்கம் திரும்புவான். பயந்தவன் திரும்ப மாட்டான்!"

திமிலன் மூச்சு வாங்கியது. அதன் பின்னால் கன்றுகள் நின்றுகொண்டிருந்தன. அதைத் திமிலனும் பார்த்தது.

"அப்போ என்ன பண்ணச் சொல்றே?"

"நீ ஒண்ணும் பண்ணாதே. அதுவே பெரிய உதவி. அந்த மருத மரத்து நிழல் தண்ணியைத் தொடற வரைக்கும் நில்லு. அதுக்குள்ள நான் வரலேன்னா உன் இஷ்டம்."

உருட்டி மறுபடி பறந்தது. இந்தத் தடவை நேராகக் குட்டையின் நடுவுக்கு. கருமலையின் கொம்பில் இறங்கியது. தள்ளி கரையிலேயே கண்ணை மூடிக்கொண்டது.

கருமலை காதை விரித்துப் பிளிறியது. தண்ணீர் அலையடித்தது.

"எனக்கு மதம்! எனக்கு மதம்! கிட்ட வந்தா மிதிச்சிடுவேன்!"

"மிதி. ஆனா நடிக்காதே," என்றது உருட்டி. "மதம் பிடிச்சவன் 'எனக்கு மதம்'னு சொல்ல மாட்டான்!"

கருமலையின் துதிக்கை பாதியில் நின்றது.

"எட்டு நாளா உனக்கு மதம் இல்ல. எட்டு நாளா நீ புல்லு தின்னல. எட்டு நாளா நீ தூங்கவும் இல்லன்னு நினைக்கறேன், ஆனா அது சாணியில தெரியாது. அதை நீதான் சொல்லணும்."

அவ்வளவு பெரிய யானை சுற்றும் முற்றும் பார்த்தது. பிறகு மெதுவாகப் பேசியது. வண்டுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"தூங்கல."

"ஏன்?"

"கன்னம் ஒழுகறது நின்ன அன்னிக்குக் காலையில கரையைப் பார்த்தேன். எல்லாரும் தூரத்துல நின்னு என்னையே பார்த்துட்டு இருந்தாங்க. ஒருத்தனுக்குக் கொம்பு நுனி இல்ல. ஒரு பன்னி நொண்டுது. எல்லாம் நான் செஞ்சது. மதத்துல யாரை முட்டினேன், எதுக்கு முட்டினேன், எனக்கு ஒண்ணுமே நினைவில்ல. அவங்களுக்கு எல்லாம் நினைவிருக்கு."

"அதனால கன்னத்துல எதையோ பூசினே."

"கரையில வேங்கை மரம் இருக்குல்ல? பட்டையைக் கிழிச்சா ரத்தம் மாதிரி சாறு வரும். விடியறதுக்கு முன்னாடி அதுல கன்னத்தைத் தேய்ச்சுக்குவேன். காஞ்சா கறுப்பாயிடும். கரிச்சான் ஏமாந்துடுச்சு."

"கரிச்சான் எப்பவும் அப்படித்தான். சரி, இப்ப நான் சொல்றதைச் செய். கன்னத்தைக் கழுவு."

"எல்லாரும் பார்க்கவா?"

"எல்லாரும் பார்க்கத்தான்."

"கொன்னுடுவாங்க!"

"கொல்லலாம்," என்றது உருட்டி. "மாட்டாங்கன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்படியே நின்னா நீ பட்டினியில சாவே. அகலி குட்டி சாயங்காலத்துக்குள்ள சாகும். அது நிச்சயம். கழுவினா எல்லாரும் பிழைக்க ஒரு வழி இருக்கு. அது நிச்சயமில்ல. ரெண்டுல ஒண்ணை எடு. சீக்கிரம், நிழல் வருது."

கருமலை கரையைப் பார்த்தது. அகலியின் காலுக்கு நடுவே குட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டது. அகலி துதிக்கையால் அதைத் தூக்கித் தூக்கி நிறுத்தப் பார்த்தது. குட்டி நிற்கவில்லை.

கருமலை துதிக்கை நிறையத் தண்ணீரை உறிஞ்சியது. தன் கன்னத்தில் பீய்ச்சியது. இடது கன்னம், வலது கன்னம். வேங்கைச் சாறு கரைந்து சிவப்பாக வழிந்தது. மறுபடி பீய்ச்சியது. கடைசிக் கறையும் போய், வெறும் சாம்பல் நிறத் தோல் தெரிந்தது.

யானை பெரிய மிருகம், கொம்பால் மரத்தைச் சாய்க்கும். அதெல்லாம் பெரிய விஷயமில்லை. தன்னை வெறுக்கிற இத்தனை கண்களுக்கு முன்னால் 'நான் பயந்துவிட்டேன்' என்று காட்டிக்கொண்டு நின்றதே, அதுதான் பெரிய விஷயம்.

கருமலை தண்ணீரை விட்டு வெளியே வந்தது. கொம்பைத் தாழ்த்தி, துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு, திமிலனுக்கு நேராகப் போய் நின்றது. உருட்டி இன்னும் கொம்பின் நுனியிலேயே இருந்தது. இறங்கிப் போயிருக்கலாம். இறங்கவில்லை. பாய்ச்சல் என்று வந்தால் முதலில் நசுங்குவது அதுதான்.

திமிலன் தரையைக் குளம்பால் கீறியது.

"என் கொம்பை உடைச்சது நீதான்."

"ஆமா."

"நினைவிருக்கா?"

"இல்ல. ஆனா உடைஞ்சிருக்கறது தெரியுது. அது மதத்துல செஞ்சது. தண்ணியை மறிச்சேனே, அது மதம் இல்ல. அது நானே செஞ்சது. தப்பு."

திமிலனின் மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்கியது. கீறிய காலை அது மெதுவாகக் கீழே வைத்தது.

"நகரு," என்றது திமிலன். "குட்டிக்குத் தாகமா இருக்கு."

கருமலை நகர்ந்தது. அகலி ஓடிப் போய்த் தண்ணீரை உறிஞ்சிக் கொண்டு வந்து குட்டியின் வாயில் விட்டது, தலையில் ஊற்றியது, முதுகில் ஊற்றியது. குட்டி இருமியது. காதை ஆட்டியது. அப்புறம் எழுந்து தள்ளாடிக்கொண்டே குட்டைக்குள் இறங்கியது. அதற்குப் பின்னால் எல்லோரும் இறங்கினார்கள். மானும் பன்றியும் காட்டுமாடும் ஒரே வரிசையில் தலையைக் குனிந்து குடித்தன. உறிஞ்சுகிற சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை.

கருமலை குடிக்க நிற்கவில்லை. நேராகப் புல்மேட்டுக்குப் போனது. எட்டு நாள் பசி!

கரிச்சான் மறுபடி கிளம்பியது. "உருட்டி வாழ்க! உருட்டி வாழ்க!"

"நீ மொதல்ல முழுசாக் கேக்கப் பழகு!" என்று கீழேயிருந்து கத்தியது உருட்டி.

கூட்டம் கலைந்தது. திமிலன் மட்டும் போகவில்லை. வேங்கை மரத்தைச் சும்மா சுற்றி வந்தது. தொண்டையைச் செருமியது. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு வண்டு வளைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தது.

"உருட்டி..."

"என்ன?"

"நானும் எப்பப் பார்த்தாலும் கோபமாவே இருக்கேன்ல? மதமெல்லாம் எங்களுக்குக் கிடையாது. ஆனா கூட்டத்தைக் காவல் காக்கறப்போ, ஒரு இலை அசைஞ்சாக்கூட முட்டணும்னு வருது. அது..." திமிலன் குரலைத் தாழ்த்தியது. "அது எந்தச் சாம்பல்னு பார்த்துச் சொல்வியா?"

தள்ளிக்குச் சிரிப்பு வந்தது. உருட்டி அதற்குக் காலால் ஒரு உதை விட்டது. உருட்டி சிரிக்கவில்லை.

"நாளைக்குக் காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி இந்தக் கல்லு பக்கத்துல போடு. நாளை மறுநாளும் போடு. ஒரு நாள் பார்த்துட்டு நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

"யார்கிட்டேயும் சொல்லிடாதே."

"கரிச்சான்கிட்டயா? போய்யா!"

திமிலன் தலையை ஆட்டிவிட்டுப் போனது. அது நடந்த நடையில் பாரம் பாதி குறைந்திருந்தது.

ஒருவரின் கோபத்தைக் கண்டு ஓடுவதற்கும் அதன் மேல் பாய்வதற்கும் முன்னால், உள்ளே எரிவது எது என்று பொறுமையாகப் பார்த்து, பார்த்ததை முழுதாகச் சொல்கிறவரே எல்லோரையும் காப்பாற்றுகிறார்.